ஷூவில் முளைத்த தக்காளி

“என் ஷூவுல மண்ணைக் கொட்டினது யாருடி?”

லாரி டிரைவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“நான்தான். தக்காளி விதை போட்டிருக்கேன். கத்தாதீங்க, முளைக்கிறதுக்கு முன்னாடியே பயந்துடும்” என்றாள் மனைவி.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலி வந்து, ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மயங்கி விழுந்தவர் அவர். ‘நான் சொல்லும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது’ என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவரோ வீட்டுக்கு வந்த மறுநாளே, “நாளைக்கு வண்டி எடுக்கிறேன்” என்று ஆரம்பித்துவிட்டார். மனைவி கெஞ்சினாள், அழுதாள். ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம்தான் அவளுக்குத் திடீரென்று விவசாயப் பித்துப் பிடித்தது.

“முட்டை அட்டையில போட வேண்டியதுதானே?”

“அதுல மிளகாய். ஹவுஸ்ஃபுல்.”

“தயிர் டப்பா?”

“கத்திரி. பால் கவர்ல பாகல். உங்க ஷூவுலதான் அடியில ஓட்டை இருக்கு, தண்ணி வடிய தோதா இருக்கு. பிடிக்கலைன்னா பிடுங்கி எறிங்க. உசுருள்ளது, உங்க இஷ்டம்.”

அவர் ஷூவைத் தூக்கினார். முறைத்தார். வெயில் படுகிற பக்கமாக ஜன்னலில் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து அவர் வண்டிக்குக் கொண்டுபோகிற ஃபிளாஸ்க்கில் பீன்ஸ் எட்டிப் பார்த்தது. டிபன் கேரியரில் அடுக்குக்கு ஒரு கீரை. காக்கிச் சட்டைப் பை மட்டும் தப்பியது, மண் நிற்காது என்பதால். அவர் ஒவ்வொன்றுக்கும் கத்தினார். கத்தி முடித்து, கேரியரின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். “தண்ணி தேங்கினா வேர் அழுகிடும், அறிவு வேணாம்?”

முதலாளி போன் செய்தார்.

“எப்போப்பா வர்றே?”

“எங்கே முதலாளி வர்றது? ஷூவுல தக்காளி, ஃபிளாஸ்க்ல பீன்ஸ்.”

“நெஞ்சுக்குத்தானே வைத்தியம் பார்த்தாங்க?” என்றார் முதலாளி.

ஒருவழியாக டாக்டர், “இனி ஓட்டலாம்” என்றார். அன்றே மனைவி நாற்றுகளையெல்லாம் கொல்லையில் நட்டாள். ஷூவைக் கழுவி, காயவைத்து, அடியை ஒட்டக் கொடுத்து வாங்கி வந்தாள்.

“இந்தாங்க. உங்களை வீட்டுல நிறுத்தத்தான் அப்படிப் பண்ணேன். இனிமே தடுக்கலை. காலையில சந்தோஷமாக் கிளம்புங்க.”

“ஓஹோ, அப்படியா சேதி!” என்றார் அவர்.

விடிந்தது. வாசலில் வைத்திருந்த ஷூவைக் காணோம். தேடினாள். ஜன்னலில் இருந்தது, நிறைய ஈர மண்ணோடு. புதிதாக ஒட்டிய அடியில் ஆணி ஓட்டை.

“என்னங்க இது?” என்று கத்தினாள்.

அவர் மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“வெண்டை. கத்தாதே, பயந்துடும்.”

“எது, விதையா?”

“நான்தான். நெஞ்சு வலி வந்த அன்னிலேர்ந்து ஸ்டீயரிங்னாலே பயம்டி. வீம்புக்குத்தான் வண்டி எடுக்கிறேன்னேன். நீ ஷூவுல மண்ணைப் போட்ட அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.”