கே. நித்தியானந்தன்

"உங்க மேல போலீஸ் கேஸ் இருந்திருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்."

சுந்தரராஜன் குரலை உயர்த்தவில்லை. தட்டில் இருந்த வடையையும் தொடவில்லை. மகள் தாரிணிக்கும் வால்தம்ஸ்டோவில் இருந்த இந்த வீட்டுப் பிள்ளை லக்‌ஷனுக்கும் நிச்சயதார்த்த நாள் குறிக்கத்தான் விம்பிள்டனிலிருந்து மனைவி ராஜியோடு வந்திருந்தார்.

எதிரே லக்‌ஷனின் அப்பா நித்தியானந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கையிருந்து எடுத்தனீங்கள், அண்ணை?"

"ஈசியா கிடைக்கல. அமெரிக்கான்னா ஒருத்தரைப் பிடிச்ச அன்னைக்கே போட்டோவோட நெட்ல போட்டுடறான். இங்க அரெஸ்ட் ஆனவங்க பேரைப் போலீஸ் வெளியில சொல்றதே இல்ல. ஜெயில்ல யாரையாவது தேடினா, அந்த ஆள்கிட்டயே போய் 'உன்னைத் தேடறாங்க, சொல்லட்டுமா?'ன்னு சம்மதம் கேக்கறான். கடைசியில லோக்கல் பேப்பர் பழசெல்லாம் லைப்ரரியில உக்காந்து புரட்டினேன். கோர்ட் செய்தி தனியா ஒரு பத்தி போடறாங்க."

"இவர் ஃப்ரிட்ஜ் வாங்கினாலே ஊர்ல இருக்கற ரிவ்யூ எல்லாம் படிப்பார்" என்றாள் ராஜி, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"பொண்ணு ஃப்ரிட்ஜ் இல்ல, ராஜி." அவர் போனை எடுத்து வாசித்தார். "கே. நித்தியானந்தன், வால்தம்ஸ்டோ. காவலர் கடமைக்கு இடையூறு. குற்றம் நிரூபணம். உங்க அப்பா பேரு என்ன சார்?"

"கல்யாணசுந்தரம்."

"கே. சரியாத்தான் இருக்கு."

சமையலறையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. லக்‌ஷனின் அம்மா கலாவதி அங்கே இருந்தாள். வந்தவர்களிடம் அவள் பேசியது "வாங்கோ, இருங்கோ" மட்டும்.

"என்ன நடந்தது எண்டு கேக்கமாட்டியளோ?" என்றார் நித்தியானந்தன்.

"சொல்லுங்க."

"மேல் வீட்டிலை கிறிஸ்துராஜா எண்டு ஒரு பெடியன் வாடகைக்கு இருந்தவன். விசா கேஸ் முடியேல்லை. ஒரு நாள் காலமை இமிகிரேசன்காரர் வந்து அவனை வான் ஒண்டிலை ஏத்திப்போட்டினம். திருப்பி அனுப்பினால் அவன் உயிரோடை இருப்பானோ தெரியாது. வானுக்கு முன்னாலை, நடு றோட்டிலை இருந்தது. வேறை என்ன செய்யிறது?"

"இருந்ததுன்னா?" என்றாள் ராஜி.

"உக்கார்றதைச் சொல்றார்" என்றார் சுந்தரராஜன்.

"பொலிஸ் வந்து எழும்பச் சொன்னது. எழும்பேல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து இருந்தா. பிறகு சோமாலியாச் சனம். மத்தியானத்துக்கிடையிலை முழுத் தெருவும் றோட்டிலை. பெடியனை இறக்கி விட்டிட்டுத்தான் வான் போனது."

"உங்களைப் பிடிச்சிட்டாங்க."

"முதல் இருந்த ஆளை விடுவினமோ? பிழையெண்டு ஒத்துக்கொண்டால் எச்சரிச்சு விடுறம் எண்டவை. ஒத்துக்கொள்ளேல்லை. ஒரு இரவு உள்ளுக்கை. காலமை வெளியிலை வரேக்கை வாசலிலை நிண்ட சனம் கை தட்டினது, அண்ணை! அப்பிடி ஒரு சந்தோசம் எனக்கு என்ர கலியாணத்திலையும் இல்லை." அவர் தட்டை முன்னால் தள்ளினார். "இது அந்தப் பெடியன்ர கடை வடைதான். இப்ப விசா எல்லாம் சரி. சாப்பிடுங்கோ."

ராஜி ஒரு வடையை எடுத்துக்கொண்டாள். சுந்தரராஜன் அவளை முறைத்தார்.

"சட்டம் சட்டம்தான், சார். எங்க குடும்பத்துல போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிச்சவங்க யாரும் கிடையாது. இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஒளிக்கிற விசயமோ இது?"

"நான் வேண்டாம்னா தாரிணி என்னை மீறமாட்டா. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் நித்தியானந்தன். முதல் முறையாக அவர் குரல் தாழ்ந்தது. "லக்‌ஷனும் மீறச் சொல்லமாட்டான்."

சுந்தரராஜன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே அந்தத் தெரு. குறுகலான தெருதான், ஒரு வானை மறிக்க ஒரு ஆள் போதும்.

"ஏங்க" என்றாள் ராஜி. "ஒரு பையனைக் காப்பாத்தத்தானே?"

அவர் திரும்பியபோது பார்வை சமையலறைப் பக்கம் போனது.

"சரி. உங்க சம்சாரத்துக்காகச் சம்மதிக்கறேன், சார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவங்க. அவங்ககிட்ட எம்பொண்ணு நிம்மதியா இருப்பா. ஆனா நீங்க எனக்கு ஒரு வாக்குக் கொடுக்கணும். இனிமே எந்த வண்டிக்கு முன்னாலயும் உக்காரக்கூடாது."

"நானோ?" நித்தியானந்தன் சிரித்தார். "எனக்குப் பொலிசைக் கண்டாலே கால் நடுங்கும், அண்ணை. நான் விடிய விடிய ஸ்டேசன் வாசலிலை நிண்டு, பிறகு கை தட்டின ஆள். இஞ்சத்தைப் பேப்பரிலை பேருக்கு முன்னாலை வாறது எங்கட ஊரிலை மாதிரித் தகப்பன்ர எழுத்தில்லை. ஆளின்ர சொந்த எழுத்து. பின்னாலை இருக்கிறதுதான் புருசன்ர பேர்."

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"கலாவதி, இஞ்சை ஒருக்கால் வாரும். அண்ணை உம்மட்டை ஒரு வாக்குக் கேக்கிறார்."

அவள் தேநீர்த் தட்டோடு வந்தாள். முதல் கோப்பையைச் சுந்தரராஜனிடம் நீட்டினாள்.

"எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்றாள் மெல்லிய குரலில். "அது மட்டும் ஏலாது, அண்ணை. தேத்தண்ணியைக் குடியுங்கோ."