கமிஷன் போனால் போகட்டும்

வரிக்கணக்குக்காக விற்பனை விவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடிட்டர் நிமிர்ந்தார்.

"தனசேகர், உங்கப்பா ஆன்லைன்ல விக்கிற மலைப்பூண்டுக்கு கமிஷனே இம்புட்டுப் போகுதே! வாங்குறதும் ஒட்டன்சத்திரத்துல ஒரே ஆளு. சந்தை ஊர்ல கெடைக்காத பூண்டா? பேசாம நேர்லயே குடுத்துக் காசை வாங்கச் சொல்லுங்க."

"அந்தக் கையில இருந்து அப்பா காசு வாங்க மாட்டாருங்க சார்."

"ஏன்?"



"வேற சாதிப் பையனைக் கட்டிக்கிருச்சுன்னு அவரு தலைமுழுகுன எங்க அக்காங்க அது. வேற பேருல வாங்குது. அவருக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

"அன்னைக்கே நிறுத்திருவாரு. இப்ப ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு கை கூட அள்ளிப் போட்டு, 'யாரு பெத்த புள்ளையோ, நல்லாருக்கணும்'னு சொல்லித்தான் கட்டுறாரு."