சுவாவில் இரண்டு நாள்

"அமைச்சர் அய்யா மாநாட்டுக்குப் போறார், சரி. திரும்பி வர்ற வழியில ஒவ்வொரு தடவையும் ஃபிஜியில இறங்கி, சுவாவுல ரெண்டு நாள் தங்குறாரே, அங்கே யாரு இருக்கா?"

எதிர்த்து நிற்கும் வேட்பாளர் யோதெபா கேட்டதும் ஊர்க்கூடமே கொல்லென்று சிரித்தது.

தேர்தலுக்கு முந்தைய கூட்டம். எதிரே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த கைதாரா தலை குனிந்தார். மூன்று முறை எங்கள் தீவின் எம்.பி. மீன்வள அமைச்சர். பெரிய நாடுகளின் சபையில் எழுந்து நின்று, "கடல் எங்க அடுப்பு வரைக்கும் வந்தாச்சு" என்று அவர் பேசினால் எதிரியும் கை தட்டுவான். அடுத்த ஜனாதிபதி அவர்தான் என்று எங்கள் கிரிபட்டி நாடு முழுக்கப் பேச்சு.

அப்பேர்ப்பட்டவர் இப்போது பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, சுவாவுல என்ன மாநாடு?"

"சின்ன மாநாடு! ரெண்டே பேர்தான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுபடி சிரிப்பு. பெண்கள் பக்கம் அத்தனை கண்களும் கைதாராவின் மனைவி தாபெராவின் மேல் போய் விழுந்தன. அவள் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

யோதெபாவுக்குச் சூடு ஏறிவிட்டது.

"வெறுங்கையோடயும் போறதில்லையாம். கருவாடு, தென்னம்பாகு, தாழம்பழ அடைன்னு மூட்டை கட்டிக்கிட்டுப் போறாராம்! என் மகன் தமுவேராவும் வெளிநாட்டுலதான் இருக்கான். கப்பல்ல கிடந்து உழைக்கிறான். எப்பவாவது ஒரு போன். ஊர்ப்பக்கம் வந்து வருஷக்கணக்காச்சு. அவன் வேர்வை அங்கே. இவர் உல்லாசம் சுவாவுல!"

கூட்டத்தின் தலைமைப் பெரியவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"கைதாரா, அப்படியெல்லாம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. போதும்."

கைதாரா எழுந்தார். யோதெபாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கினது நிஜம். செலவு என்னுது. அதுக்கு மேல கேக்காதீங்க. உங்க மனசுக்குப் பட்டபடி ஓட்டுப் போடுங்க."

போட்டார்கள். யோதெபா ஜெயித்தார். கைதாராவின் சொந்தக்காரர்களே அவருக்குப் போடவில்லை.

கைதாரா பழைய படகைச் சரிசெய்துகொண்டு கடலுக்குப் போக ஆரம்பித்தார். கரையில் இளவட்டங்கள், "அமைச்சரே, இன்னைக்குச் சுவா பக்கமா?" என்று கேட்டால், "காத்து சரியில்லைப்பா" என்று சிரித்துவிட்டுப் போவார்.

நாலைந்து மாதம் கழித்து, புது எம்.பி. யோதெபாவுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் வந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் கைதாராவும் தாபெராவும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். தாபெரா கையில் ஒரு ஓலைக்கூடை.

"வாங்க. வாழ்த்திட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

"ஒரு உதவி கேக்க வந்தேன் யோதெபா. திரும்பி வரும்போது நீ சுவாவுல ரெண்டு நாள் தங்கணும்."

யோதெபா துள்ளி எழுந்தார்.

"நானா? உங்க ஆளுக்கு நான் தூது போகணுமா? அதுவும் அக்காவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே கேக்குறீங்களே, வெக்கமா இல்லை?"

"கத்தாதே தம்பி," என்றாள் தாபெரா. "ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டிக் கொடுத்ததே நான்தான்."

யோதெபா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... தப்பா ஒண்ணும் இல்லையா? அன்னைக்கே சொல்லியிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

கைதாரா சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போ என்னால போக முடியலை. டிக்கெட்டுக்கு எங்கே போவேன்? பார்க்க ஒருத்தரும் வராம அவன் ஏங்கிப் போயிருப்பான். அதான், வாக்கு போனாப் போகுதுன்னு வந்துட்டேன்."

"யாருக்கு? எங்கே இருக்கான்?"

"சுவா ஜெயில்ல. துறைமுகத்துல குடிச்சுட்டு ஒரு சண்டை, ஒருத்தனுக்குக் கண்ணு போயிடுச்சு. தண்டனை முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. போறப்பெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவான். 'ஊர்க்கூடத்துல எங்கப்பா தலைநிமிர்ந்து உக்கார்ற மனுஷன், அவருக்குத் தெரியக் கூடாது'ம்பான்."



கைதாரா யோதெபாவின் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார். கூடையை மடியில் வைத்தார்.

"பார்த்ததும் திட்டிடாதே, யோதெபா. ரொம்ப இளைச்சுட்டான் தமுவேரா."