மூடுபனியில் ஒரு குண்டு

“உங்க ஹேசலைச் சுட்டது நான்தான், மேடம்.”

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டான் ஓரின் டாக்கெட். நாலு நாள் தாடி, முழங்கால் வரை சேறு. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம். வாயை விட்டு வந்த பிறகும் பாரம் குறையவில்லை.

காபிப் பாத்திரத்தை எடுக்கப்போன வெர்லா ஸ்டாடர்டின் கை அப்படியே நின்றது. அறுபதைத் தாண்டியவள். காட்டுக்குள் போகிற வேட்டைக்காரர்களின் மூட்டை முடிச்சை ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது அவள் பிழைப்பு. அதற்கு இருந்தது ஒரே ஒரு கோவேறு கழுதை. அதுதான் ஹேசல்.

“என்ன சொன்னே?”

“எல்க் மானுன்னு நெனைச்சு சுட்டுட்டேன்.”

வெர்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உள்ளே வந்து உக்காரு. எங்கே வெச்சு சுட்டே?”

“எல்டர் பள்ளத்துல.”

“எப்போ?”

“முந்தாநாள் காலையில.”

அவள் காபியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

“அன்னைக்கு இங்கே டிரக்கை நிறுத்தினப்பவே சொல்லித்தானே அனுப்பினேன்? ஹேசல் கயித்தை அறுத்துக்கிட்டு மேலே ஓடிட்டா, பார்த்துச் சுடுன்னு?”

“சொன்னீங்க.”

“கழுத்துல மணி கட்டியிருக்குன்னும் சொன்னேன்.”

“சொன்னீங்க.”

ஒவ்வொரு ‘சொன்னீங்க’வுக்கும் அவன் தலை ஓரங்குலம் இறங்கியது.

“அப்புறம் என்னதான் ஆச்சு? முழுசாச் சொல்லு.”

சொன்னான். மரம் அறுக்கும் மில்லில் இப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. வீட்டில் ஐந்து பேர். ஒரு எல்க் விழுந்தால் குளிர்காலம் பூராவும் கவலை இல்லை. ஆனால் ஒன்பது வருஷமாகத் தனியாக ஏறுகிறான், வெறுங்கையோடு இறங்குகிறான். “மலையில எல்க்கெல்லாம் உன்னை சௌக்கியமான்னு விசாரிச்சுதா?” என்று மில்லில் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். முந்தாநாள் விடியலில் கண்ணை மறைக்கும் மூடுபனி. பைன் மரங்களுக்கு நடுவில் பழுப்பாக ஒரு முதுகு அசைந்தது.

“தலையைப் பார்த்தியா?”

“தெரியலை. கொஞ்சம் பொறுத்திருக்கணும். இந்தத் தடவையும் விட்டுடக் கூடாதுன்னு ஒரு வெறி.”

“சுட்டே.”

“சுட்டேன். மடமடன்னு கிளையை முறிச்சுக்கிட்டுப் பள்ளத்துல உருண்டுச்சு. உடனே மணிச் சத்தம் கேட்டுச்சு, மேடம். கணகணன்னு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.”

வெர்லா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “கிட்டப் போனியா?”

ஓரின் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

“போகலை.”

“ஏன்?”

“போன வருஷம் என் கையிலேர்ந்து ஆப்பிள் வாங்கித் தின்னா. அந்த முகத்தை அந்தக் கோலத்துல பார்க்கத் தைரியம் வரலை. கூடாரத்துல போய்க் குப்புறப் படுத்துட்டேன். ரெண்டு நாளா அங்கேயேதான். கீழே இறங்கினா உங்க மூஞ்சியில முழிக்கணுமே.”

“உயிர் போச்சா, துடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சான்னுகூடப் பார்க்கலையா?”

“பார்க்கலை.”

அவள் முகம் இறுகியது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் சட்டைப் பையைத் துழாவி டிரக் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“என்கிட்ட வேற ஒண்ணும் இல்லை. இதை வெச்சுக்குங்க. நான் நடந்தே போயிடறேன்.”

“சாவியை எடு. எந்திரிச்சு என்கூட வா.”

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையை நோக்கி நடந்தாள். எதற்கு என்று கேட்கும் துணிச்சல்கூட இல்லாமல் அவனும் பின்னால் போனான். அவள் கதவைத் தள்ளினாள்.

வாய் நிறைய வைக்கோலோடு ஹேசல் திரும்பிப் பார்த்தது.

ஓரின் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதான்.

“உயிரோட இருக்கா... மேடம், உயிரோட இருக்கா!”

“முந்தாநாள் மத்தியானமே வந்துட்டா. வெடிச் சத்தத்துல மிரண்டு, மூச்சு வாங்க ஓடி வந்தா. நீ கேட்ட மணி இவ ஓடின சத்தம்தான். உடம்புல ஒரு கீறல் கிடையாது.”

“கடவுளே! நான் யாரையும் கொல்லலை...”

வெர்லா சிரிக்கவில்லை.

“உன் குண்டுல ஒண்ணு விழுந்துச்சே, ஓரின்? அது எல்க்டா. உன் வீட்டு அஞ்சு பேருக்குக் குளிர்காலம் பூரா ஆக வேண்டிய கறி, ரெண்டு நாளா வெயில்ல அழுகிக்கிட்டுக் கிடக்கு.”