மாட்டத் தெரியாதவர்

“நாப்பது வருஷம் கஃப்லிங்க் செஞ்ச மனுஷன், தன்னோடதை மாட்டிக்கத் தெரியலையாம். இதை நான் நம்பணுமாம்!”

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என் மனைவி ஐவி ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்களின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓய்வு பெற்ற பிறகும் அதை யாரும் தவறவிடுவதில்லை. சட்டைக்கை முனையின் துளைகளைக் கோத்து மாட்டும் கஃப்லிங்க்தான் எங்கள் தொழில்; அவரவர் கையால் செய்ததைத்தான் போட்டுக்கொண்டு வரவேண்டும், அது வழக்கம். இப்போது சட்டைக்கையில் பொத்தான் தைத்தே விற்கிறார்கள். எங்கள் காலத்தில் குமாஸ்தா முதல் பிரபு வரை கஃப்லிங்க் இல்லாமல் ஒருத்தன் கல்யாணத்துக்குப் போகமாட்டான். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

“ரெண்டு வருஷமா பாக்கறேன். ஹொரேஸ் சட்டைக் கையைத் தொங்கவிட்டுக்கிட்டு உள்ள வர்றார். நேரா எனிட் மேஜைக்குப் போறார். ‘கொஞ்சம் மாட்டிவிடுங்களேன் எனிட்’னு ரெண்டு கையையும் நீட்டறார். புருஷன் செத்தவகிட்ட, பொண்டாட்டி செத்த மனுஷன்! ஊரே பாக்குது.”

“சங்கிலி வெச்ச பழைய மாதிரி, ஐவி. ஒத்தைக் கையால மாட்டறது கஷ்டம்தான்.”

“நீங்க மாட்டிக்கலையா?”

பல்லால் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டதைச் சொல்லவில்லை.

எனிட்டின் கணவன் வில்ஃப் எங்களோடு வேலை பார்த்தவன். அவன் விரல்களில் இரண்டைத் தகடு வெட்டும் இயந்திரம் தின்றுவிட்டது. அதனால் விருந்துக்கு வந்து உட்கார்ந்ததும் எனிட்தான் அவனுக்கு மாட்டிவிடுவாள். “மாப்பிள்ளைக்கு அலங்காரம் ஆகுது டோய்!” என்று நாங்கள் மேஜையைத் தட்டுவோம். அவள் முகம் சிவந்துபோகும், ஆனால் கையை எடுக்கமாட்டாள். வில்ஃப் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான்.

வில்ஃபும் ஹொரேஸின் மில்லியும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனிட் வீட்டுத் திரையைக்கூட விலக்கவில்லை. அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளை அழைத்து வந்தோம்.

ஐவி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கோட்டுப் பையில் திணித்தாள்.

“புது மாதிரி. கம்பியைத் திருப்பினா போதும், ஒத்தைக் கையாலயே மாட்டிடலாம்னு கடைக்காரர் சொன்னார். இதை ஹொரேஸ்கிட்ட குடுத்துட்டு, நாடகம் போதும்னு சொல்லுங்க.”

“கடையில வாங்கினதையா? அவனை அறையறதே மேல்.”

“நீங்க சொல்லலைன்னா நான் எனிட்கிட்டயே சொல்லிடுவேன்.”

ஊர் இப்படிப் பேசுகிறது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எனிட் மறுபடி வீட்டுக்குள் போய் அடைந்துகொள்வாள். அப்புறம் வெளியே வரவே மாட்டாள்.

விருந்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் கோட்டு மாட்டும் அறைக்குப் போனேன். ஹொரேஸ் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். மேலங்கியைக் கழற்றியிருந்தான். இரண்டு கையிலும் கஃப்லிங்க் கச்சிதமாக மாட்டியிருந்தது.

அவன் அதைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஹொரேஸ்! என்னடா பண்ற?”

திடுக்கிட்டுத் திரும்பினான். திருடன் அகப்பட்ட முழி.

“கதவைச் சாத்துடா, சிரில்.”

சாத்தினேன்.

“பஸ்ல வரும்போது சட்டைக்கை தொங்கினா அசிங்கமா இருக்காதா? அதான் மாட்டிக்கிட்டு வந்து இங்க கழட்டறேன்.”

“எதுக்குடா இந்தக் கூத்து?”

“அந்த மொத வருஷம் எனிட் எப்படி உக்காந்திருந்தாங்கன்னு நீ பாத்தியா? ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு, பக்கத்துல இருந்த காலி நாற்காலியையே பாத்துக்கிட்டு... சாப்பாட்டைத் தொடல. எனக்குப் பொறுக்கல. இங்க ஓடிவந்து இதைக் கழட்டிட்டுப் போய் ‘மாட்டிவிடுங்களேன்’னு கையை நீட்டினேன். மாட்டிவிட்டாங்க. அப்புறம் ரொட்டியைப் பிச்சு வாயில போட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்.”

பெட்டி பைக்குள்ளேயே இருந்தது.

ஹொரேஸ் முன்னால் போனான். எனிட் அவனைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “இந்த வயசுலயும் கத்துக்கலையா நீங்க?” என்று கடிந்துகொண்டே சங்கிலியைக் கோத்தாள். அவனும் அசடு வழிய நின்றான். பிறகு அவளுக்குச் சூப் வாங்கிவரப் போனான்.

“குடுத்தீங்களா?” என்றாள் ஐவி.

“ஐவி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...”

கேட்டால் அவள் ஐவி இல்லை. என் பைக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எனிட் மேஜைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

“எனிட், ஹொரேஸுக்கு இதைக் குடு. ஒத்தைக் கையால மாட்டற மாதிரி. இனிமே உனக்குத் தொந்தரவு இருக்காது.”

எனிட் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடி, மெதுவாகத் திருப்பித் தள்ளினாள்.

“வேண்டாம் ஐவி. எந்த மாதிரியா இருந்தாலும் அவருக்கு மாட்டத் தெரியும்.”

“என்னது?”

“கஞ்சி போட்ட சட்டைல, மாட்டிக் கழட்டின சுருக்கம் தெரியாதா? மொத வருஷமே பாத்துட்டேன்.”

“தெரிஞ்சுமா மாட்டிவிடறே?”

எனிட் சூப் வரிசையில் நின்ற ஹொரேஸைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மில்லி போனப்புறம் பாவம், அவர் கையைத் தொட அந்த வீட்ல யார் இருக்கா? ஆனா எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே, ஐவி. கூச்சப்பட்டுக்கிட்டு அடுத்த வருஷம் மாட்டிக்கிட்டே வந்துடுவார்.”