பச்சை பூசிய செங்கல்

வெர்னெல் பையைக் கவிழ்ப்பதை இந்த முறை கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

காலை எட்டு மணி. கல்லறைத் தோட்டத்தின் கதவை அப்போதுதான் திறந்திருந்தேன். மாமா ஸெலியின் கல்லறை முன்னால் குனிந்து, துணிப்பையிலிருந்த உடைந்த செங்கல் துண்டுகளைப் புல்லில் உதறிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நடந்து போனாள்.

மாமா ஸெலி எங்கள் நியூ ஆர்லியன்ஸில் ஒரு காலத்தில் பேர் போன வூடூ மந்திரக்காரி; 'மாமா' என்றால் இங்கே அம்மா. ஊர்க்காரர்கள் வந்தால் ஒரு ஹேர்பின்னோ மிட்டாயோ வைத்து வேண்டிக்கொண்டு போவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது போதாது, ஞாபகத்துக்குக் கல்லறையிலிருந்தே ஒரு துண்டு எடுத்துப் போக வேண்டும்.

வெர்னெல் பேய் டூர் கைடு. இருபது வருஷமாக அதே ஊதாக் குடையோடு கூட்டத்தை நடத்திக்கொண்டு வருகிறாள். மூன்று தெரு, இரண்டு பேய் வீடு, கடைசியில் மாமா ஸெலி. அவள் கதை சொன்னால் உச்சி வெயிலிலும் முதுகு சில்லிடும், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இது பச்சை மோசடி. எங்கிருந்தோ கொண்டுவந்து இறைத்துவிட்டு, கல்லறைத் துண்டு என்று ஜனங்களை நம்ப வைக்கிறாள். வாட்ச்மேனான நான் வாரம் இரண்டு தடவை அதைப் பெருக்கி அள்ளி முதுகு போனதுதான் மிச்சம். அவள் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி எழுதிய புகார் என் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

பதினோரு மணிக்கு இருபது பேரோடு வந்தாள்.

"இவங்களை அடக்கம் பண்ணின மறுநாளே மார்க்கெட்டுல நின்னு வெண்டைக்காய் பேரம் பேசினாங்களாம். பார்த்தவங்க மூணு பேரு. அதுல ரெண்டு பேரு குடிக்காதவங்க."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெண் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கைக்குட்டையைப் பிரித்து ஒரு செங்கல் துண்டை நீட்டினாள்.

"என் பேரு லோரீன். ஒஹையோவுலேருந்து வர்றேன். போன வருஷம் உங்க டூர்ல வந்தப்ப இதை எடுத்துட்டுப் போனேன். மூணாவது மாசமே என் பையனுக்கு இதயத்துல ஓட்டைன்னு சொல்லிட்டாங்க."

"ஐயோ, எத்தனை வயசு?"

"ஏழு. இங்கேருந்து எடுத்தவங்களை மாமா ஸெலி விடமாட்டாங்கன்னு இன்டர்நெட்ல போட்டிருக்கு. ஆபரேஷன் தேதியை ரெண்டு தடவை தள்ளிப்போட்டேன். சாபத்தோட அவனை எப்படிக் கத்திக்குக் குடுப்பேன்? என்ன செய்யணுமோ செஞ்சு இந்தச் சாபத்தை எடுத்துடுங்கம்மா."

"அடுத்த தேதி எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

ஃபோன்கள் உயர்ந்தன. ஒரு மெழுகுவர்த்தி, கொஞ்சம் ரம், நாலு முணுமுணுப்பு இருந்தால் போதும், நாளைக்கு ஊரே வெர்னெலைப் பற்றிப் பேசும். அதைத்தான் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு பைக்குள் கை விட்டு, அடியில் மிஞ்சியிருந்த இன்னொரு துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டிலும் ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட்.

"கண்ணு, இந்தக் கல்லறையில எங்கயாவது பச்சை இருக்கா, பாருங்க."

இல்லை. முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு.

"இது எங்க வீட்டுச் சமையக்கட்டுச் சுவரு. புயல் வெள்ளத்துல விழுந்துச்சு. திங்கக்கிழமை தவறாம எங்கம்மா பீன்ஸ் வேகவெச்ச இடம். இதுல சாபம் கெடையாது. உப்பு வேணா கொஞ்சம் கூட இருக்கும், எங்கம்மா கை அப்படி."

"அதை ஏன் இங்க கொண்டாந்து போடறீங்க?" என்றாள் லோரீன்.

"போடலைன்னா நிஜக் கல்லறையைப் பேத்துடறாங்க. சொல்லிப் பார்த்தேன், யாரும் கேக்கலை. கீழே கெடந்தா அதை எடுத்துட்டுப் போயிடறாங்க. மாமா ஸெலிகிட்டேருந்து நீங்க ஒண்ணுமே எடுக்கலைம்மா. வெள்ளிக்கிழமை தைரியமா பையனைக் கூட்டிட்டுப் போங்க."

லோரீன் அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதாள். இருபது வருஷம் காத்த ரகசியத்தை வெர்னெல் இருபது பேர் எதிரில், யாரென்றே தெரியாத ஒரு பையனுக்காகப் போட்டு உடைத்துவிட்டாள்.

கூட்டத்தில் ஒருவர் பாக்கெட்டிலிருந்து அசடு வழிய ஒரு பச்சைத் துண்டை எடுத்துக் கீழே போட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு விழுந்தன.

"வீடியோவை அழிச்சிடட்டுமா மிஸ் வெர்னெல்?" என்றான் ஒரு பையன்.

"அழிச்சிடு ராசா. நாளைக்கு வர்ற கூட்டத்துக்குத் தெரியாம இருக்கட்டும்."

லோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இதை நானே வெச்சுக்கலாமா?"

"தாராளமா. அடுப்புப் பக்கத்துல வைங்க."

எல்லோரும் போன பிறகு வெர்னெல் அருகில் போனேன். "என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, இது நிஜக் கல்லறைத் துண்டான்னு கேக்கறவங்ககிட்ட நீங்களும் பொய் சொல்லணும். உங்களுக்கு அது வராது மிஸ்டர் அல்சிட்."

கல்லறையின் இடது மூலையைக் காட்டினாள். சுண்ணாம்பு பெயர்ந்து மூன்று இடத்தில் உள்செங்கல் தெரிந்தது. "இதெல்லாம் என்னைக்கு உடைஞ்சதுன்னு நெனைக்கிறீங்க?"

கீழே ஒரு துண்டுகூட இல்லாமல் நான் பெருக்கி அள்ளிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன.

"உங்க சுவர் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"அஞ்சாறு பை தேறும். அப்புறம் பார்த்துக்கலாம்."

மறுநாள் காலை வெர்னெல் பையோடு வந்தபோது, கல்லறை முன்னால் மஞ்சள் பெயின்ட் ஒட்டிய துண்டுகள் கிடந்தன. அதே வெள்ளத்தில் விழுந்த எங்கள் வீட்டுச் சுவர். புகார் எழுதிய காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து நான்தான் போட்டேன்.