முட்டுவீட்டுப் பூட்டு

அன்று முட்டுவீட்டின் முன் இருந்தவர்கள்: ஊர்த்தலைவர் சடையன், அதை இடிக்கக் கோரும் மனுவோடு நர்ஸ் ரோசம்மா, ஒன்பது பெண்கள், காலையில் வயதுக்கு வந்த மயிலி, இரண்டு ஆடுகள். தீட்டான பெண்கள் ஐந்து நாள் தங்கும் குடிசை அது. ஆடு புகாமலிருக்க வெளியே பூட்டு உண்டு. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது.

“தாழ்ப்பாள் இல்லாம எம்பொண்ணு எப்படிண்ணா தனியா படுப்பா?” என்றாள் மயிலியின் அம்மா நல்லக்கா.

“யாரு வந்துறப் போறா? அஞ்சு நாளும் ஓய்வுதானே. எங்களுக்கு அந்தக் குடுப்பின இல்ல” என்றார் சடையன்.

“அப்ப நீங்க படுத்துப் பாருங்கண்ணா.”

பெண்கள் சிரித்தார்கள். சடையன் பூட்டைத் திறந்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, குனிந்து உள்ளே போனார். “குளுகுளுன்னு இருக்கு” என்று குரல் வந்தது.

எத்தனையாவது நாளில் அந்தக் குரல் மாறும் என்று அறிய மயிலிக்கு ஆசையாக இருந்தது. அவள் கதவை நோக்கி நடந்தாள். தீட்டுக்காரியைத் தொட்டுத் தடுக்க ஒருத்தியும் வரவில்லை. தீட்டுப் பார்க்காத நர்ஸோ மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மயிலி கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை உருவிக்கொண்டாள்.